முப்பத்தேழு கடிதங்களும் ஒரே வாக்கியமும்

சென்ற மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது, வேலை தேடி அலைந்த நாட்களில் நான் எழுதிய விண்ணப்பங்களின் நகல்கள் அடங்கிய பழைய கோப்பு ஒன்று கைக்குக் கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், 37 இருந்தன. பதிப்பகங்கள், அச்சகங்கள், இதழ்கள் என்று முகவரிகள் மாறினவே தவிர, எல்லாவற்றிலும் கடைசிப் பத்தி ஒன்றுதான்: "தங்கள் நிறுவனத்தில் என் தகுதிக்கேற்ற வாய்ப்பு ஏதேனும் இருப்பின், அதை எனக்கு அளித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அவற்றுக்கு இரண்டே இரண்டு பதில்கள் வந்தன, இரண்டும் தற்போது காலியிடம் இல்லை என்பவை. மீதி 35 பேரும் ஒரு வரி எழுதக்கூட மனமில்லாதவர்கள் என்று அன்றைக்கு எனக்குக் கடுமையான கோபம் இருந்தது.

அதன் பிறகு பல ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவதே, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பதே, என் தொழிலாகிவிட்டதால், பிறர் எழுதிய வாக்கியத்தைப் பார்ப்பது போல அந்த வாக்கியத்தையும் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க முடிந்தது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஒற்றுகூடச் சரியாகத்தான் மிகுந்திருக்கிறது. ஆனால் அது செய்யும் காரியத்தைக் கவனியுங்கள். என் தகுதி என்ன என்பதை எதிரில் இருப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். அதற்கேற்ற வேலை தம்மிடம் இருக்கிறதா என்று அவரே யோசிக்க வேண்டும். இருந்தால், முன்பின் தெரியாத என்னை நம்பி அதைத் தருவதா என்றும் அவரே முடிவு செய்ய வேண்டும். மூன்று சுமைகளையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்குப் பணிவு என்று பெயரும் சூட்டியிருக்கிறேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழுகை எதற்கென்று தாய்க்குத் தெரியும். வழிப்போக்கருக்கு எப்படித் தெரியும்?

நம் மொழியிலேயே இந்த மனப்பான்மைக்கு ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றுகிறது. வாய்ப்பு என்ற சொல் 'வாய்த்தல்' என்ற வினையிலிருந்து வருவது; தானாக நேர்வது, அமைவது, கிட்டுவது என்று பொருள்படும். 'அவனுக்கு நல்ல வேலை வாய்த்தது' என்போம். 'அவன் நல்ல வேலையை வாய்ப்பித்தான்' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே வாய்ப்பை ஒருவர் தாமே உருவாக்கிக்கொள்கிறார் என்றால், அவர் உண்மையில் எதைச் செய்கிறார் என்ற கேள்வி எழுகிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதற்கு உழைப்பு, விடாமுயற்சி, நேர்மறை எண்ணம் என்று விடை சொல்வார்கள். 37 கடிதம் எழுதியவனிடம் விடாமுயற்சிக்கு என்ன குறை?

இந்த இடத்தில் ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயின் இளமைக்காலம் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அவர் கொல்லர் ஒருவரின் மகனாக 1791இல் பிறந்தவர். 14 வயதில் லண்டனில் ஒரு புத்தகம் கட்டுபவரிடம் ஏழாண்டுக் காலம் தொழில் பழகச் சேர்ந்தவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே மின்சாரத்தையும் வேதியியலையும் அறிந்துகொண்டார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எழுதிய இரண்டு கடிதங்கள். முதல் கடிதம், இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதியது. அறிவியல் சார்ந்த ஒரு வேலை வேண்டும், அது எவ்வளவு எளிய வேலையாக இருந்தாலும் சரி என்பது அதன் சாரம். பதில் வரவில்லை. என்னுடைய 37 கடிதங்களுக்கும் மூத்த அண்ணன் அந்தக் கடிதம்.

1812இல், கடைக்கு வந்துபோகும் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டுகளைக் கொண்டு, லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளை ஃபாரடே கேட்டார். கேட்டதைக் குறித்துக்கொண்டார், மேடையில் காட்டப்பட்ட கருவிகளைப் படமாக வரைந்தார், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விரித்து எழுதினார். ஏறத்தாழ 300 பக்கம் சேர்ந்ததும், தனக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டு தானே கட்டி, அட்டை போட்டு, ஒரு கடிதத்தோடு டேவிக்கு அனுப்பினார்.

அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்த டேவியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். இதை எழுதிய பையன் கூர்ந்து கேட்கிறான், கேட்டதைப் புரிந்துகொள்கிறான், கருவிகளின் அமைப்பு அவன் கண்ணில் நிற்கிறது, கையெழுத்தும் வேலையும் ஒழுங்காக இருக்கின்றன, தொடங்கியதை முடிக்கும் பழக்கம் உள்ளவன். ஆய்வுக்கூட உதவியாளனிடம் ஒருவர் எதிர்பார்க்கும் எல்லாமே அந்தப் பக்கங்களில் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட ஃபாரடே வாயால் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. முதல் கடிதத்தில் பேங்க்ஸிடம் ஏற்றிய சுமை, இரண்டாவதில் அனுப்பியவருடைய தோளுக்கே மாறிவிட்டது.

அதற்காக டேவி உடனே வேலை கொடுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஃபாரடேயை வரவழைத்துப் பேசிய அவர், இடம் எதுவும் இல்லை, புத்தகம் கட்டும் தொழிலிலேயே இருப்பது நல்லது என்றுதான் அறிவுரை சொன்னார். டேவிக்கு வெடிவிபத்து ஒன்றில் கண்ணில் காயம்பட்டிருந்ததால், சில நாட்கள் அவருக்காக எழுதிக்கொடுக்கும் வேலை ஃபாரடேக்குக் கிடைத்தது. பிறகு அதுவும் முடிந்தது. 1813இன் தொடக்கத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் கைகலப்பில் ஈடுபட்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஓரிரவு ஃபாரடே படுக்கப்போகும் நேரத்தில் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. டேவி அனுப்பிய குறிப்போடு ஆள் வந்திருந்தார். மார்ச் 1ஆம் தேதி ஃபாரடே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேலைக்குச் சேர்ந்தார். மின்காந்தத் தூண்டலை அவர் கண்டறிந்தது 1831இல், அதே இடத்தில்.

வேறொருவரின் சண்டையும், இன்னொருவரின் கண் காயமும் ஃபாரடேயின் கையில் இருந்தவை அல்ல. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. ஆனால் காக்கை எந்த மரத்தில் உட்காரும் என்று தெரியாத நிலையிலும், பழம் விழுந்த நேரத்தில் மரத்தடியில் கூடையோடு நின்றவர் அவர் ஒருவர்தான். அவர் அங்கே நிற்கிறார் என்பது டேவிக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பின்பாதியைத்தான் நான் நெடுங்காலம் கவனிக்கத் தவறியிருந்தேன்.

கவனிக்கத் தவறியதற்கு என் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. நான் முதலில் மெய்ப்புப் பார்த்த அலுவலகத்தில், எனக்கு இரண்டாண்டு பின்னால் சேர்ந்த பெண் ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தார். அவர் தினமும் வேலை முடிந்ததும் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, அன்றைக்குத் திருத்திய பிழைகளை நான்கு கட்டங்களில் எழுதிவைப்பார்: பிழை, நூல், பக்கம், தட்டச்சு செய்தவர். ஒருநாள் நான் பொறுக்க மாட்டாமல், "எதற்கம்மா இந்த வேண்டாத வேலை? இதற்கென்று தனிச் சம்பளமா தருகிறார்கள்?" என்று கேட்டேன். "இல்லை அண்ணா, ஒரே தப்பைத் திரும்பத் திரும்பத் திருத்துவது அலுப்பாக இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்" என்றார். நான் சிரித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

நான்கு மாதம் கழித்து அந்த நோட்டு இரண்டே பக்கமாகச் சுருங்கியது. நாங்கள் திருத்திக்கொண்டிருந்த பிழைகளில் பாதிக்கு மேல் முப்பத்துச் சொச்சம் சொற்களைச் சுற்றியே வந்திருந்தன. ஒரே நூலில் 'கறுப்பு' ஓரிடத்திலும் 'கருப்பு' ஓரிடத்திலும் வருவது போன்றவை அவை. இன்னும் ஒரு பெரும் பங்கு, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது நேர்பவை. ஔகாரக் குறி பிரிந்து ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக நிற்பது, துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் வந்து உட்கார்ந்துகொள்வது என்று சில வகைகளே. முதல் பக்கத்தில் சொற்பட்டியலையும், இரண்டாம் பக்கத்தில் மாற்றியவுடன் தேடிப் பார்க்க வேண்டிய எழுத்துச் சேர்க்கைகளையும் எழுதி, உரிமையாளரிடம் கொடுத்தார். பட்டியல் தட்டச்சு செய்பவர்களின் மேசைக்குப் போனது. அடுத்த இரண்டு நூல்களுக்குப் பிறகு மூன்றாம் மெய்ப்புப் பார்க்கும் வழக்கமே அங்கே நின்றுபோனது. ஆண்டு முடிவதற்குள் நூலாக்கப் பொறுப்பு முழுவதும் அவரிடம் வந்தது; பின்னர் அதையே தனித் தொழிலாக வெளியில் தொடங்கினார்.

நான் அவரை அதிர்ஷ்டக்காரி என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கண்ட அதே பிழைகளை அவரைவிட இரண்டாண்டு கூடுதலாகக் கண்டவன் நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கேட்காமலேயே செய்கிறான் என்று தெரிந்தவுடன் இன்னும் நாலு வேலையைத் தலையில் சுமத்தும் மேலாளர்களும் இருக்கிறார்கள். ஓய்வில்லாமல் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்து, கடைசியில் கழுதைப் பொதி சுமந்தவர்களாக ஓய்வு பெற்றவர்களை நான் அறிவேன். அவர்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையிலான வேறுபாடு, என் பார்வையில், உழைப்பின் அளவில் இல்லை. அவர் பிறருடைய வேலையைச் செய்து கொடுக்கவில்லை; யாரும் கேட்காத ஒரு கேள்வியைத் தாமே கேட்டு, அதற்கான விடையைத் தம் பெயரில் வைத்திருந்தார். இரண்டு பக்கத்தை உரிமையாளரிடம் கொடுத்த பிறகும், நான்கு மாத நோட்டு அவருடைய பையில்தான் இருந்தது.

விடை கையில் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கேள்வி உள்ளவர் யார் என்று தெரிய வேண்டும், பெரும்பாலும் அவர் நமக்குத் தெரிந்தவராக இருப்பதில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த ஒரு நகரில் வேலை மாறியவர்களைச் சந்தித்து, அந்த வேலையைப் பற்றி உங்களுக்குச் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் நூற்றுக்கு 17 பேர்தான் அடிக்கடி சந்திக்கும் ஒருவரால் பெற்றிருந்தார்கள். ஏறத்தாழ 56 பேர் எப்போதாவது சந்திப்பவராலும், 28 பேர் ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ பார்ப்பவராலும் பெற்றிருந்தார்கள். காரணம் எளிது: நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்தே இருக்கும், புதிய செய்தி வேறு வட்டத்தில் புழங்குபவரிடமிருந்துதான் வர முடியும். (இந்தக் கருத்தைச் சொன்ன அவருடைய கட்டுரையே 1969இல் ஓர் ஆய்விதழால் நிராகரிக்கப்பட்டு, 1973இல் வேறோர் இதழில்தான் வெளிவந்தது.) வேலை தேடுவோர் பயன்படுத்தும் லிங்க்ட்இன் தளத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேரை வைத்து நடத்தப்பட்டு 2022இல் வெளியான சோதனைகளின் முடிவும் ஏறக்குறைய இதையே சொன்னது, ஆனால் மிக மெல்லிய தொடர்பு உள்ளவரைவிட, ஓரளவு அறிமுகம் உள்ளவரே அதிகம் பயன்பட்டார் என்ற திருத்தத்தோடு.

இதைப் படித்துவிட்டு, போகும் இடமெல்லாம் முகவரி அட்டையை நீட்டுபவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பில்லை. அறிமுகம் என்பது வெறும் பாலம். அதன் வழியாக எதை அனுப்புகிறோம் என்பது தனிக் கேள்வி. ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளரின் கதை இதற்குப் பொருந்தும். அவர் 1968இல் 3எம் நிறுவனத்தில் வலுவான பசை ஒன்றைத் தேடியபோது, ஒட்டும், ஆனால் எளிதில் பெயர்ந்துவரும் ஒரு பொருள் கிடைத்தது. பசை என்ற முறையில் அது தோல்வி. அதைக் குப்பையில் போடாமல், இதனால் என்ன பயன் என்று தமக்கே தெரியாத நிலையில், நிறுவனத்துக்குள் ஆண்டுக்கணக்கில் எல்லாப் பிரிவினருக்கும் அதைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தார். அப்படி அவர் பேசக் கேட்டவர்களில் ஒருவர் ஆர்ட் ஃப்ரை. தேவாலயப் பாடற்குழுவில் பாடும்போது, பக்கத்தை அடையாளம் காட்ட வைத்த காகிதத் துண்டுகள் பாட்டுப் புத்தகத்திலிருந்து விழுந்துகொண்டே இருப்பது அவருடைய தொல்லை. 1974இல் இரண்டும் ஒன்று சேர்ந்தன. ஒட்டிப் பெயர்க்கும் குறிப்புத்தாள் பிறந்தது.

அதன் பிற்பகுதி இன்னும் பயனுள்ளது. 1977இல் நான்கு நகரங்களில் அதை விற்றுப் பார்த்தார்கள். மக்கள் வாங்கவில்லை, ஏனென்றால் அது எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. மறு ஆண்டு பாய்சி என்ற நகரில் அலுவலகம் அலுவலகமாகச் சென்று மாதிரிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தியவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் மீண்டும் வாங்குவோம் என்றார்கள். 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. விளம்பர வாசகம் சொல்ல முடியாததைக் கையில் இருந்த ஒரு சிறு தாள் சொல்லிவிட்டது; ஃபாரடேயின் 300 பக்கங்களும் என் சக பணியாளரின் இரண்டு பக்கங்களும் செய்த வேலையும் அதுவே.

இவ்வளவும் எழுதிய பிறகு, கணக்கில் வராதவர்களைப் பற்றியும் நினைக்க வேண்டியிருக்கிறது. குறிப்பேடு அனுப்பி, குதிரை வண்டி வராமலே போன இளைஞர்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பதில்லை. ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் சூத்திரங்களைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியதை அறிவோம். அதற்கு முன் அவர் கடிதம் எழுதிக் கேட்ட வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களிடமிருந்து உதவி எதுவும் வரவில்லை. ஹார்டியும் அன்று தாள்களை ஓரமாக வைத்திருந்தால், அதே திறமை, அதே முயற்சி இருந்தும், நமக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்காது. ஆகவே முயன்றவர் எல்லாம் வென்றார் என்று என்னால் எழுத முடியாது. தோற்றவர்கள் முயலாதவர்கள் என்று எழுதுவது அதைவிடப் பெரிய அநீதி.

இன்னொன்று, கேட்கப்படாத வேலையைச் செய்வதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு யாரோ ஒருவர் செலவு செய்கிறார். மேரி க்யூரியின் வாழ்க்கையில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. வார்சா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காத காலம். அக்கா தங்கை இருவருக்கும் பாரிஸில் படிக்க ஆசை. இருவரையும் அனுப்பக் குடும்பத்தில் வசதியில்லை. இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அக்கா ப்ரோன்யா முதலில் பாரிஸ் சென்று மருத்துவம் படிப்பது. தங்கை வீட்டு ஆசிரியையாக வேலை செய்து அக்காவுக்குப் பணம் அனுப்புவது. அக்கா நிலைபெற்ற பிறகு தங்கையை அழைத்துக்கொள்வது. அந்த ஏற்பாட்டின்படி தங்கை பாரிஸுக்கு ரயில் ஏறியது 1891இல், ஏறத்தாழ 24ஆம் வயதில். இடைப்பட்ட ஆண்டுகளில் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரவில் இயற்பியலும் கணிதமும் தானே படித்தார். 1893இல் இயற்பியல் பட்டத் தேர்வில் அவர் முதலிடம் பெற்றதும், 1903இலும் 1911இலும் நோபல் பரிசு பெற்றதும் எல்லோருக்கும் தெரியும். தனி மனிதர் தம் வாய்ப்பைத் தாமே உருவாக்கிக்கொண்டார் என்று சொல்லும்போது, பக்கத்தில் ஒரு ப்ரோன்யா இருந்தாரா என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்தக் கதையிலிருந்து வந்தது. எனக்கும் இருந்தார், நான் 37 கடிதம் எழுதிய காலத்தில் வீட்டுச் செலவை ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டவர் என் அண்ணன்.

கோப்பைக் கண்டெடுத்த அந்த வாரத்திலேயே 38ஆவது கடிதத்தை எழுதினேன். அண்மையில் படித்த ஓர் அறிவியல் நூல் 500 பக்கத்துக்கு மேல் இருந்தும், எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பொருளடைவு பின்னால் இல்லாமல் என்னைப் பாடாய்ப்படுத்தியது. எதைத் தேடினாலும் முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருந்தது. அதன் நான்காம் அத்தியாயத்துக்கு மட்டும் மாலை நேரங்களில் அமர்ந்து அடைவு ஒன்றைத் தயாரித்து, "இவ்வாறு முழு நூலுக்கும் அமைக்கலாம்" என்ற ஒரு வரியோடு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். தகுதி, வாய்ப்பு, பணிவு ஆகிய சொற்கள் எதுவும் அதில் இல்லை.

நேற்று பதில் வந்திருக்கிறது. அந்த நூலுக்கு இப்போதைக்கு மறுபதிப்பு இல்லையாம்; ஆனால் அச்சுக்குப் போகவிருக்கும் வேறொரு நூலுக்கு இதே போன்ற அடைவை எத்தனை நாளில் முடித்துத் தர இயலும் என்று கேட்டிருக்கிறார்கள். நான்காம் அத்தியாயத்துக்கு எத்தனை மாலைகள் பிடித்தன என்று நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.